மழை இறங்கும் பூங்கா

நிலத்தடி நீர் செறிவூட்டுக் குளம் என்பது மழைநீரை மண்ணுக்குள் இறக்கிவிடுவதற்காக வெட்டப்படும் ஆழம் குறைந்த பள்ளம். கிராமப்புறத்துக் கசிவுநீர்க் குட்டையும் இதுவும் ஒரே இனம். ஏரிக்கும் ஊருணிக்கும் தண்ணீர் தங்கி நிற்பதே பெருமை. கோடை வரை கண்ணில் படும் தண்ணீர்தான் அவற்றின் பயன். செறிவூட்டுக் குளத்திலோ மழை விட்ட இரண்டு மூன்று நாளில் அடித்தரை தெரிய வேண்டும். பத்து நாள் தண்ணீர் நின்றால் பார்க்க அழகாக இருக்கலாம்; ஆனால் குளம் தன் வேலையைச் செய்யவில்லை என்று அர்த்தம். இடத் தேர்வு முதல் புல் வகை வரை எல்லா முடிவுகளும் இந்த ஒரு தேவையிலிருந்தே பிறக்கின்றன: வந்த நீர் விரைவாகவும் சுத்தமாகவும் கீழே போக வேண்டும். ஆண்டில் பெரும்பாலான நாட்கள் காய்ந்த நிலமாகவே கிடப்பதால்தான் இது பூங்காவோடு ஒத்துப்போகிறது. மழை நாளில் குளம்; மற்ற நாட்களில் பிள்ளைகள் பந்து விளையாடும் புல்தரை.

நகரங்களுக்கு இந்த முறை புதிதல்ல. நியூயார்க் நகரை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் 1930-களின் நடுவிலிருந்தே மழைநீர்ச் செறிவூட்டுக் குளங்கள் வெட்டப்பட்டன. அங்கே நிலத்தடி நீரே குடிநீர். வீடுகளும் சாலைகளும் பெருகியபோது மழைநீரைக் கடல் வரை குழாயில் கொண்டுபோவது பெருஞ்செலவாகத் தெரிந்தது. அங்கங்கே பள்ளம் வெட்டி மண்ணில் விடுவது மலிவாகவும், கிணறுகளுக்கு நன்மையாகவும் இருந்தது. காலப்போக்கில் இத்தகைய குளங்கள் 2,000-ஐத் தாண்டின. ஆனால் அந்தத் தீவின் அடியில் இருப்பது பனியாறுகள் விட்டுச்சென்ற மணலும் சரளையும். தண்ணீர் அங்கே தடையின்றி இறங்குகிறது. இந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை.

சென்னைக்கு இந்தக் குளங்களின் தேவை வேறு எந்த நகருக்கும் குறைந்ததல்ல. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதிலும் சில நாட்களில், கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய அதே நகரம், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. இடையில் நான்கே ஆண்டுகள். 2003-ல் கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது வீட்டுக் கூரை நீரைக் கவனித்துக்கொண்டது. சாலை நீரோ இன்றும் பெரும்பாலும் வடிகால் வழியே கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் என்று போய்க் கடலில் கலக்கிறது.

அந்தச் சாலை நீரை நிறுத்த இடம் வேண்டும். கட்டடம் நெருங்கிய நகரில் பொதுவுடைமையாக எஞ்சியிருப்பவை பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும்தான். மனைப்பிரிவு போடும்போது பொதுப் பயன்பாட்டுக்கு என ஒதுக்கப்படும் நிலங்களில் அமைந்த சிறு பூங்காக்கள் பேட்டைக்குப் பேட்டை உள்ளன. சில இடங்களில் பூங்கா நிலத்துக்கும் தண்ணீருக்கும் பழைய உறவே உண்டு. இன்றைய தியாகராய நகர் 1920-களில் உருவானது மாம்பலம் நீண்ட ஏரியை வடித்துவிட்டுத்தான். நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து சைதாப்பேட்டைத் திசை நோக்கிக் கிடந்த அந்த ஏரியின் படுகையில் தெருக்களும் பூங்காக்களும் வந்தன. மழை அந்தப் பள்ளத்தை மறக்கவில்லை; பெருமழையில் தண்ணீர் இன்றும் அங்கேதான் சேர்கிறது. குளம் அமைக்கும் பூங்கா சுற்றுவட்டாரத்தில் தாழ்ந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது முதல் விதி. மேட்டுப் பூங்காவில் குளம் வெட்டினால் அதில் விழும் மழையைத் தவிர வேறெதுவும் வந்து சேராது.

ஆனால் தாழ்வு மட்டும் போதாது. பாங்காக்கில் 2017-ல் திறக்கப்பட்ட சூலலோங்கோன் பல்கலைக்கழக நூற்றாண்டுப் பூங்கா, நிலத்தையே மெல்லச் சாய்த்து மழைநீரைக் கீழ்முனைக் குளத்தில் சேர்க்கிறது. வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும் பூங்காவாக அது உலகப் புகழ் பெற்றது, தகுதியான புகழ்தான். ஆயினும் பாங்காக் நகரம் தடித்த மென்களிமண்மேல் அமைந்தது. அங்கே குளத்து நீர் தேங்கி நிற்கும், செடிகளுக்குப் பயன்படும், மெல்ல வடியும். ஆழத்து நீர்த்தாங்கிக்குப் போய்ச் சேராது. வெள்ளத் தேக்கம் வேறு, செறிவூட்டல் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துத் திட்டம் போடுவதால்தான் செறிவூட்டலுக்கென்று வெட்டிய பல பள்ளங்கள் கொசுக் குட்டைகளாகின்றன.

எல்லாவற்றையும் தீர்மானிப்பது மண். மண்ணுக்குள் நீர் செல்லும் வேகத்தை அளவிட்டு விதியாக்கியவர் ஹென்றி டார்சி. பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த இந்தப் பொறியாளர், மணல் நிரப்பிய குழாய்களில் செய்த சோதனைகளை 1856-ல் வெளியிட்டார். நீர்மட்ட வேறுபாடு எவ்வளவு, மண்ணின் ஊடுருவு திறன் எவ்வளவு என்ற இரண்டையும் கொண்டு ஓட்டத்தைக் கணக்கிடலாம் என்பது அவர் கண்டது. முதலாவதை வடிவமைப்பாளர் ஓரளவு மாற்றலாம். இரண்டாவதை நிலம் தருகிறபடிதான் ஏற்க வேண்டும். மணல் நிலம் மணிக்கு 30 மி.மீ.க்கு மேல் நீரை உள்வாங்கும். வண்டல் கலந்த மண்ணில் அது 10 முதல் 20 மி.மீ. கனத்த களிமண்ணில் 1 முதல் 5 மி.மீ.தான். சென்னையிலேயே இந்த வரிசை முழுவதையும் பார்க்கலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்கரை மணல். கூவம், அடையாற்றுப் படுகைகளில் மணலும் களியும் மாறி மாறி. கிண்டி, பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் அடியில் சார்னோகைட் பாறை. பாறைப் பகுதியில் மேலே சிதைந்துகிடக்கும் அடுக்கும் பாறை வெடிப்புகளுமே நீருக்கு இடம். ஆகவே ஒரு பூங்காவுக்குப் போட்ட வரைபடத்தை இன்னொரு பூங்காவுக்கு அப்படியே எடுத்துப்போவது தவறு.

மண்ணைச் சோதிக்க வேண்டியது தரைமட்டத்தில் அல்ல, குளத்தின் அடித்தரை வரப்போகும் ஆழத்தில். அந்த ஆழம் வரை குழி தோண்டி, அடியில் இரட்டை வளையங்களைப் பதித்து நீர் ஊற்றி, உள்வளையத்தில் மட்டம் இறங்கும் வேகத்தைக் குறிக்க வேண்டும். வெளிவளையத்து நீர் பக்கவாட்டுக் கசிவைத் தடுத்து, உள்வளைய நீர் நேர்கீழாக இறங்கச் செய்கிறது. காய்ந்த மண் முதல் ஒரு மணி நேரத்தில் ஆவலாகக் குடிக்கும். அந்த எண்ணை நம்பக்கூடாது. முந்திய நாளே நீர் விட்டு ஊறவைத்த மண்ணில் கிடைக்கும் நிலைத்த வேகமே கணக்குக்கு உரியது. அதையும் இரண்டாலோ மூன்றாலோ வகுத்துப் பயன்படுத்துவது வழக்கம். சில ஆண்டுகளில் வண்டல் படிந்து வேகம் குறையும் என்பது உறுதி. அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் வைப்பதுதான் இந்த வகுத்தல். பூங்காவின் ஒரு மூலையில் மட்டும் சோதித்து முடிப்பதும் ஆபத்து. நகர நிலத்தில் பழைய கட்டட இடிபாடும் கொட்டி நிரப்பிய மண்ணும் எங்கே புதைந்திருக்கும் என்று மேலிருந்து தெரியாது.

ஏரிப் படுகையில் அமைந்த பூங்காக்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பல்லாண்டு காலம் தண்ணீர் நின்ற இடத்தில் நுண்ணிய களி படிந்திருக்கும். மேலே இரண்டு மீட்டர் களி, அதன் கீழே நல்ல மணல் என்ற அமைப்பு ஆற்றுப்படுகை ஊர்களில் அரிதல்ல. அங்கே குளத்தை அகலமாக வெட்டிப் பயனில்லை. களி அடுக்கைத் துளைத்து மணல் வரை உறைகள் இறக்கிய செறிவூட்டுக் கிணறுகளைக் குளத்தின் அடியில் அமைக்க வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சிமென்ட் உறைகளில் துளையிட்டு, உள்ளே கீழிருந்து கூழாங்கல், ஜல்லி, கரடு மணல் என்று நிரப்புவது எளிய முறை. கிணற்றின் வாய் குளத்துத் தரைக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். தரையோடு தரையாக வைத்தால் முதல் மழையின் சேறு நேராக உள்ளே போய் மணலை அடைத்துவிடும்; கிணற்றைப் பிரித்துச் சுத்தம் செய்வது குளத்தைச் சுரண்டுவதைப்போல் எளிதல்ல.

மண் நல்லதாக இருந்தும் குளம் வடியாமல் போகக் காரணமாவது நிலத்தடி நீர்மட்டம். தாழ்வான கடலோரப் பகுதிகளில் ஜூன் மாதத்தில் பல மீட்டர் கீழே இருக்கும் நீர்மட்டம், நல்ல பருவமழைக்குப் பின் டிசம்பரில் தரைக்கு ஒன்றிரண்டு மீட்டர் வரை ஏறிவிடும். குளத்தின் அடித்தரைக்கும் உச்ச நீர்மட்டத்துக்கும் இடையே குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை மீட்டர், ஈரம் நிறையாத மண் இருக்க வேண்டும். அதோடு, இறங்கும் நீர் உடனே நாலாபக்கமும் பரவிவிடுவதில்லை. குளத்துக்கு நேர் கீழே நீர்மட்டம் மேடாக உயர்கிறது. அந்த மேட்டின் உயரத்தைக் கணக்கிட மஹ்தி ஹந்துஷ் 1967-ல் தந்த சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. நீளமான, ஒடுங்கிய குளத்தின் கீழ் இந்த மேடு தாழ்வாகவும், சதுரக் குளத்தின் கீழ் உயர்வாகவும் எழும். பூங்கா எல்லையை ஒட்டி வளைந்து செல்லும் வாய்க்கால் போன்ற குளம் பார்வைக்கு மட்டுமல்ல, நீரியலுக்கும் நல்லது. உச்ச நீர்மட்டத்தைக் கண்டறிய அக்கம்பக்கத்துத் திறந்த கிணறுகளை மழைக்காலத்தில் அளப்பதே நம்பகமான வழி. அது முடியாதபோது சோதனைக் குழியின் சுவரைப் பார்க்கலாம்: சாம்பல் நிறமும் துருப்பொட்டுகளும் தொடங்கும் மட்டம் வரை ஆண்டுதோறும் நீர் ஏறி இறங்கியிருக்கிறது.

கடலோரத்தில் செறிவூட்டலுக்கு இன்னொரு மதிப்பு உண்டு. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது, அதன்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரைத் தள்ளி நிறுத்தும். கைபன், ஹெர்ஸ்பெர்க் இருவர் பெயராலும் வழங்கும் இந்த விதியின் மறுபக்கம் அச்சுறுத்துவது. ஒரு மீட்டர் நன்னீரை இறைத்து இழந்தால் உப்புநீர் 40 மீட்டர் மேலேறத் தொடங்கும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் மிகையாக இறைத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கடலோரப் பூங்காவில் இறக்கும் நீர் அங்கேயே மீண்டும் இறைக்கப்படாவிட்டாலும் வீணல்ல.

சில பூங்காக்களை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். பழைய குப்பைமேட்டின் மேல் அமைந்தவை, பெட்ரோல் நிலையத்துக்கோ பட்டறைகளுக்கோ ஒட்டியவை, அடியில் மெட்ரோ நிலையமோ வாகன நிறுத்தமோ கட்டப்பட்டவை, நிலத்தடித் தளமுள்ள கட்டடங்கள் நெருங்கிச் சூழ்ந்தவை ஆகியவற்றில் நீரை இறக்குவது நன்மையைவிடக் கேட்டையே தரும்.

அளவுக் கணக்கை ஒரு கற்பனைப் பூங்காவைக் கொண்டு விளக்கலாம். பூங்கா 2 ஹெக்டேர். சுற்றியுள்ள 6 ஹெக்டேர் தெருவும் கூரையும் அதை நோக்கிச் சரிகின்றன. 50 மி.மீ. மழையில் விழும் நீரில் 70 சதவீதம் ஓடிவருகிறது என்று கொண்டால், 60,000 சதுர மீட்டரிலிருந்து 2,100 கன மீட்டர் வரும். குளத்தின் ஆழத்தை 60 செ.மீ. என்று வைத்தால் 3,500 சதுர மீட்டர் பரப்பு தேவை. அதாவது பூங்காவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. சோதனையில் மணிக்கு 36 மி.மீ. கிடைத்து அதை மூன்றால் வகுத்தால் 12 மி.மீ. அந்த வேகத்தில் நிறைந்த குளம் 50 மணி நேரத்தில் வடிந்துவிடும். இதே குளம் மணிக்கு 2 மி.மீ. உறிஞ்சும் களிமண்ணில் அமைந்தால் 300 மணி நேரம், அதாவது பன்னிரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த மழையும் வந்துவிடும், கொசுவும் வளர்ந்துவிடும். ஆழத்தைக் கூட்டிப் பரப்பைக் குறைக்கும் ஆசை எப்போதும் எழும். ஆழம் இரட்டித்தால் வடியும் காலமும் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

அந்த 6 ஹெக்டேரில் ஆண்டு முழுதும் பெய்யும் 1,400 மி.மீ. மழையில் ஓடிவரும் பங்கு 58,800 கன மீட்டர். அதில் பாதியைக் குளம் பிடித்தாலும் 29,400 கன மீட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் இது சுமார் 600 பேருக்கு ஓராண்டுத் தேவை. ஒரு பூங்கா நகரத்தின் தாகத்தைத் தீர்க்காது. ஆனால் தன்னைச் சுற்றியுள்ள சில தெருக்களின் கிணறுகளை உயிரோடு வைத்திருக்கும். திட்டத்தை மக்களிடம் எடுத்துச் சொல்பவர்கள் இந்த அளவைத்தான் சொல்ல வேண்டும்.

எல்லா மழையையும் எந்தக் குளமும் ஏற்காது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் சுமார் 29 செ.மீ. பெய்தது. அத்தகைய நாளில் மேற்சொன்ன குளம் வரும் நீரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான் கொள்ளும். மிச்சம் போக வழி வேண்டும். ஏரிகளின் கலங்கலைப்போல, குறித்த மட்டத்துக்கு மேல் வரும் நீர் கரையை அரிக்காமல் வழிந்து மழைநீர் வடிகாலில் சேரும்படி கல் பாவிய தாழ்ந்த விளிம்பு ஒன்றை அமைக்க வேண்டும். அதைவிட நல்ல ஏற்பாடு, குளத்தை வடிகாலின் பாதையிலேயே வைக்காமல் பக்கவாட்டில் வைப்பது. வடிகாலிலிருந்து மதகு வழியாக அளவாக நீர் எடுத்து, குளம் நிறைந்ததும் மிச்சத்தை வடிகாலிலேயே போகவிடலாம். மழையே பெய்யாத நாளில் வடிகாலில் நீர் ஓடினால் அது கழிவுநீர். அந்த இணைப்புகளைக் கண்டுபிடித்து அடைக்காமல் மதகைத் திறக்கக்கூடாது.

இத்தகைய குளங்களைக் கொல்வது பெரும்பாலும் வண்டல். தெருநீர் மணல், இலை, பிளாஸ்டிக், டயர்த் தூள், கட்டட வேலைச் சிமென்ட் எல்லாவற்றையும் சுமந்து வருகிறது. பெரியவை பிரச்சினை இல்லை. நுண்துகள்கள்தான் மண் துளைகளை மூடி, அடித்தரையில் மெல்லிய தோலாகப் படிகின்றன. சில மி.மீ. தடிப்புள்ள அந்தத் தோல், அடியில் எவ்வளவு நல்ல மணல் இருந்தாலும் நீரை நிறுத்திவிடும். ஆகவே நுழைவாயிலில் முதலில் கம்பித் தடுப்பு, அடுத்து வண்டல் தொட்டி. குளக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது அந்தத் தொட்டிக்கு வேண்டும். அதன் தரையைச் சிமென்டால் பூசி, ஒரு சிறு வண்டி இறங்கி அள்ளும்படி சரிவுப் பாதை வைக்க வேண்டும். வண்டல் தொட்டியை யாரும் எட்ட முடியாத மூலையில் வைத்தால் அதை யாரும் தூர்வார மாட்டார்கள். தொட்டியிலிருந்து குளத்துக்கு நீர் குறுகிய வாயில் பாயாமல், அகன்ற படிக்கல்மேல் பரவி, ஒரு பட்டை வெட்டிவேரையோ அடர்ந்த புல்லையோ கடந்து செல்வது நல்லது.

குளம் கெட்டுப்போகும் இன்னொரு தருணம் கட்டும்போதே வந்துவிடுகிறது. பொக்லைன் எந்திரம் அடித்தரையில் ஏறி இறங்கினால் மண் இறுகி, சோதனையில் கண்ட வேகத்தில் பெரும்பகுதி போய்விடும். எந்திரம் கரையில் நின்றபடியே தோண்ட வேண்டும். கடைசி ஒரு சாண் மண்ணைக் கையால் எடுத்து, தரையை மண்வெட்டியால் கிளறிவிட வேண்டும். பூங்காவின் மற்ற வேலைகள் முடிந்து, சுற்றுச் சரிவுகளில் புல் பிடித்த பின்பே குளத்துக்குள் தெருநீரை விடலாம். அழகுக்காகச் செம்மண் கொட்டி நிரப்பும் வழக்கத்துக்குக் குளத்துத் தரையில் இடமில்லை. களிமண்ணில் வளர்த்து வெட்டியெடுத்த புல் பத்தைகளைப் பதிப்பதும் அதே தவறுதான். நல்ல மணல்மேல் களிப் பாயை விரித்ததாகிவிடும். அறுகம்புல்லைத் துண்டுகளாக நட்டு வளர்க்கலாம். அறுகு சில நாள் வெள்ளத்தையும் பல மாத வறட்சியையும் தாங்கும். அதன் வேர்கள் மண்ணைத் திறந்தே வைக்கும். கரைகளில் நீர்மருது, நாவல், புங்கன் நிற்கலாம். நிழல் தரும் மரங்களை அடித்தரைக்கு மேல் கவியாத தூரத்தில் நடுவது நல்லது. அவற்றின் சருகு குவிந்து அழுகினால் அதுவும் ஒரு தோலாகும்.

தெருநீரை மண்ணில் விட்டால் கிணறு கெடாதா என்ற அச்சம் நியாயமானது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் மழைநீர்க் குளங்கள் பலவும் விளையாட்டுத் திடல்களாகவும் பயன்படுகின்றன. அங்கே 1980-களில் இது ஆராயப்பட்டது. ஈயம் முதலிய உலோகங்கள் பெரும்பாலும் மேல்மண்ணின் சில செ.மீ.க்குள்ளேயே சிக்கிக்கொண்டன. எண்ணெயையும் நுண்ணுயிர்களையும் ஈரம் நிறையாத மண் அடுக்கு பெருமளவு பிடித்துச் சிதைக்கிறது. நைட்ரேட், குளோரைடு, கரையும் பூச்சிமருந்துகள் ஆகியவை மண்ணில் நிற்பதில்லை. அதனால் குளத்தைச் சுற்றிப் பூங்காவில் ரசாயன உரத்தையும் பூச்சிமருந்தையும் நிறுத்தியாக வேண்டும். தெருநீரை நேராக ஆழ்துளைக் கிணற்றில் இறக்குவதை எக்காரணத்தாலும் அனுமதிக்கக்கூடாது. மண் செய்யும் வடிகட்டுதலை அது முழுவதும் தாண்டிவிடுகிறது.

பூங்காவுக்கு வருபவர்களுக்குக் குளம் இடைஞ்சலாகவும் ஆபத்தாகவும் இருக்கக்கூடாது. கரை ஒன்றுக்கு நான்கு என்ற சரிவில், குழந்தையும் நடந்து ஏறும்படி இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேலி தேவைப்படாது. நடைபாதை, விளக்குக் கம்பம், மின்பெட்டி எல்லாம் கலங்கல் மட்டத்துக்கு நன்கு மேலே. தேங்கிய நீரில் மின்கசிவு உயிரை எடுக்கும். இதில் சிக்கனம் கூடாது. தரையை இரண்டு மூன்று படிநிலைகளாக அமைத்தால், ஒவ்வொரு மழைக்கும் நனைவது தாழ்ந்த பகுதி மட்டுமே. விளையாட்டுத் திடல் உள்ள மேல்படி பெருமழைக்கு மட்டும் நீரைக் காணும். கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் அடைய வெப்ப நாட்டில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். 72 மணி நேரத்தில் வடிந்துவிடும் குளத்தில் அது வளர வழியில்லை. வண்டல் தொட்டியில்தான் நீர் தங்கும். அதன் அடியிலும் சிறு கசிவுத் துளைகள் விட வேண்டும்.

நிலத்தை விட்டுக்கொடுக்க முடியாத இடங்களில் குளத்தைத் திடலுக்கு அடியிலேயே புதைக்கலாம். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்டியின் சன் வேலி பூங்காவில் 2006-ல் அப்படிச் செய்யப்பட்டது. தெருநீர் சுத்திகரிப்புத் தொட்டிகளைக் கடந்து, விளையாட்டுத் திடலின் அடியிலுள்ள அறைகளிலிருந்து மண்ணில் இறங்குகிறது. மேலே எதுவும் தெரியாது. அதுவே அதன் குறையும் ஆகிறது: அடியில் வண்டல் சேர்வதும் தெரியாது, சுரண்டி எடுப்பதும் கடினம், செலவும் பன்மடங்கு. ஆட்களும் மண்வெட்டியும் கிடைக்கிற ஊருக்குத் திறந்த குளமே ஏற்றது.

பராமரிப்புக்கு நாட்காட்டி தெளிவானது. பிப்ரவரி முதல் மே வரை தரை காய்ந்து வெடிக்கும். வண்டல் தோல் ஓடுகளாகச் சுருண்டு எழும். அப்போது அதைச் சுரண்டி அள்ளி, தரையை லேசாகக் கிளறிவிட வேண்டும். அள்ளிய மண்ணில் உலோகங்கள் இருக்கும் என்பதால் அதைச் செடிகளுக்கு உரமாகப் போடக்கூடாது. செப்டம்பரில் கம்பித் தடுப்பு, மதகு, கலங்கல் ஆகியவற்றைப் பார்த்து வண்டல் தொட்டியைக் காலியாக்க வேண்டும். பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் தொட்டியைத் திரும்பவும் பார்க்க வேண்டும்.

குளத்தின் நடுவே அளவுக் கம்பம் ஒன்றும், கரையோரம் நிலத்தடி நீர்மட்டம் பார்க்க ஒரு நோக்குக் கிணறும், சற்றுத் தள்ளி இன்னொன்றும் தேவை. மழை நின்ற நேரம், குளம் வடிந்து முடிந்த நேரம், இரு கிணறுகளின் மட்டம், ஆண்டுக்கு இருமுறை நீரின் உப்புத்தன்மையும் நைட்ரேட்டும் ஆகியவற்றைப் பூங்காக் காவலரே ஒரு பதிவேட்டில் குறித்து வரலாம். வடியும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போனால் தரையில் தோல் படிகிறது, சுரண்ட வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் விரைந்து வடிந்த குளம் டிசம்பரில் மட்டும் தாமதித்தால் நிலத்தடி நீர்மட்டம் ஏறி வந்துவிட்டது; தரையைச் சுரண்டிப் பயனில்லை, மதகை மூடி நீரை வடிகாலில் விட வேண்டும். சுரண்டிய பின்னும் வேகம் திரும்பாவிட்டால் ஒரு சாண் மணலை மாற்ற வேண்டும். மண்ணின் தன்மையையும் தெருநீரின் சேற்றையும் பொறுத்து இது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் செலவு. திட்ட மதிப்பீட்டிலேயே இதற்குத் தனியாகத் தொகை ஒதுக்க வேண்டும்.